குப்பை, நாய் மலம், அபராதச் சீட்டு: இங்கிலாந்தில் குடியிருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே வந்த புதிதில் எல்லோரும் கேட்பது, சில வருடம் கழித்து நாய் வாங்கியதும் கேட்பது, ஸ்டேஷன் வாசலில் அபராதச் சீட்டு வாங்கிய கையோடு ஃபோன் செய்து கேட்பது என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இதில் உள்ள சட்டங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் பற்றிக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி இருக்கிறது.

தெருவில் குப்பை போட்டால் எவ்வளவு அபராதம்?

1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 87-ஆவது பிரிவு. அதன்படி குப்பை போடுவது குற்றம். நீதிமன்றத்துக்குப் போனால் 2,500 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) ஆள் அங்கேயே ஓர் அபராதச் சீட்டைக் கொடுப்பார். அதைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை, குற்றப் பதிவும் இல்லை.

சீட்டின் தொகை ஊருக்கு ஊர் மாறும். 65 பவுண்டுக்குக் குறையாமல் எவ்வளவு என்று கவுன்சிலே தீர்மானிக்கலாம். உச்சவரம்பு முன்பு 150 ஆக இருந்தது, 2023 ஜூலை 31 முதல் 500 ஆக ஏறிவிட்டது. 14 நாள் அவகாசம் உண்டு. சீக்கிரம் கட்டினால் சில கவுன்சில்கள் தள்ளுபடி தரும். 1958-இல் முதன்முதலாகக் குப்பைக்கென்று தனிச் சட்டம் வந்தபோது அதிகபட்ச அபராதம் 10 பவுண்ட். அந்தக் காலத்தில் அதுவே ஒரு தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும், ஆகவே அப்போது அபராதம் சின்னதாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

சிகரெட் துண்டுகூடக் குப்பையா?

ஆமாம். சிகரெட் துண்டும் மென்று துப்பிய சூயிங் கம்மும் குப்பைதான் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெயர் சொல்லியே எழுதிவிட்டது. அதற்கு முன்பு “இவ்வளவு சின்னதெல்லாம் குப்பையா?” என்று வாதாட இடம் இருந்தது, இப்போது இல்லை. அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது: திறந்த வெளியில் உள்ள எந்த நிலத்தில் போட்டாலும், குளத்தில் ஆற்றில் வீசினாலும், தனியார் இடமாகவே இருந்தாலும் குற்றம்தான். நிலத்துக்காரரே சம்மதித்திருந்தால் வேறு விஷயம்.

மழைநீர்ச் சாக்கடையின் இரும்புக் கம்பிக்குள் துண்டைப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதுவும் அதே கணக்குதான்.

சாக்கடை என்றதும் ரிச்மண்ட் காப்பிக் கதையைச் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில், லண்டனின் ரிச்மண்டில் பேருந்து ஏறப்போன ஒரு பெண், பேருந்துக்குள் சிந்திவிடக் கூடாதே என்று கோப்பையில் மிச்சமிருந்த கொஞ்சம் காப்பியைத் தெருச் சாக்கடையில் ஊற்றினார். மூன்று அமலாக்க அலுவலர்கள் வந்து 150 பவுண்டுக்குச் சீட்டு எழுதினார்கள். குப்பைப் பிரிவில் அல்ல, கழிவை நிலத்தை மாசுபடுத்தும்படி கொட்டுவது பற்றிய வேறொரு பிரிவில். செய்தித்தாள்களில் வந்து ஊரே சிரித்ததும் கவுன்சில் அதை ரத்து செய்தது. பின்னால் ஒரு கேள்விக்கு இந்தச் சம்பவம் தேவைப்படும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், வெற்றிலை போடுவார். துப்பினால்?

வீட்டுக்குள் அவர் இஷ்டம். வெளியே துப்பினால் அபராதம் வரலாம். துப்புவதையும் குப்பை போடுவதாகவே எடுத்துக்கொண்டு வழக்குப் போட்ட கவுன்சில்கள் இருக்கின்றன; வால்தம் ஃபாரஸ்ட் 2013-இலேயே இதைச் செய்தது. என்ஃபீல்ட் துப்புவதற்கென்றே தனி விதி கொண்டுவந்தது. வெம்ப்ளியை உள்ளடக்கிய பிரெண்ட் கவுன்சில் பல வருடமாக வெற்றிலைக் கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்பும் பாக்கும் சேர்ந்த சிவப்பு, கல்லில் ஊறிவிட்டால் அழுத்தமான வெந்நீர்ப் பீச்சலுக்கும் முழுதாகப் போகாது. நம் பக்கத்துப் பழக்கத்தை அங்கே அறிவிப்புப் பலகையில் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். மாமியாரிடம் ஒரு மூடி போட்ட டப்பாவைக் கொடுத்துவிடுங்கள்.

நாய் மலத்துக்கும் இதே சட்டம்தானா?

இல்லை, அது தனிக் கதை. நாய் போவது குற்றமல்ல. அதை எடுக்காமல் விட்டுப் போவதுதான் குற்றம்.

1996-இல் நாய் மலத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கி, ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதிக்கு ‘நாய்க் கட்டுப்பாட்டு ஆணை’ போட்டுக்கொள்ளலாம் என்றது. 2014-இல் அதுவும் போய், பொது இடப் பாதுகாப்பு ஆணை என்ற ஒன்று வந்தது. எல்லோரும் பிஎஸ்பிஓ என்று சொல்வது அதைத்தான். இன்றைக்கு நடைமுறையில் இருப்பது அதுவே. நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் என்பது இப்போது இல்லை. உங்கள் கவுன்சில் ஆணை போட்டிருந்தால், அந்த ஆணை சொல்லும் இடத்தில்தான் குற்றம். ஏறக்குறைய எல்லாக் கவுன்சிலும் போட்டிருக்கிறது, அதனால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஓர் ஆணையின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருடம், பிறகு நீட்டிக்கலாம். போடும் முன்பு மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். கருத்துக் கேட்பு நடக்கும்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, ஆணை வந்த பிறகுதான் பூங்கா வாசலில் சண்டை நடக்கிறது.

அபராதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2014 சட்டப்படி இந்த ஆணையை மீறினால் சீட்டு அதிகபட்சம் 100 பவுண்ட், நீதிமன்றம் போனால் 1,000 வரை. அதாவது சிகரெட் துண்டுக்கு 500 வரை கேட்கலாம், நடைபாதை நடுவே ஒரு பெரிய நாய் போட்டதை விட்டுப் போனவரிடம் 100-க்கு மேல் கேட்க முடியாது! இந்த 100-ஐயும் 500 ஆக்கும் மசோதா 2025-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆகவே சீட்டு கையில் வந்தால் பழைய தொகையை நம்பாமல் உங்கள் கவுன்சிலின் இப்போதைய தொகையைப் பாருங்கள்.

நான் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன், நாய் போனதைக் கவனிக்கவில்லை. கையில் பையும் இல்லை. இது நியாயமான காரணம் ஆகாதா?

ஆகாது. பெரும்பாலான ஆணைகளில் இந்த இரண்டையும் எழுதியே வைத்திருக்கிறார்கள்: கவனிக்கவில்லை என்பதும், எடுக்கப் பை இல்லை என்பதும் நியாயமான காரணம் ஆகாது. பார்வையற்றவர்களுக்கும், குனிந்து எடுக்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கும் வழக்கமாக விலக்கு உண்டு. நாய் யாருடையது என்பதும் முக்கியமில்லை. அப்போது கயிற்றைப் பிடித்திருப்பவர்தான் பொறுப்பு. பக்கத்து வீட்டு அங்கிளின் நாயை அன்புக்காக நடக்கக் கூட்டிப் போனாலும் நீங்கள்தான்.

நார்தாம்ப்டன்ஷயரில் இருந்த டாவென்ட்ரி கவுன்சில் 2015 கடைசியில் ஒரு படி மேலே போனது. நாய் எதுவும் செய்யாவிட்டாலும், கேட்கும்போது பை கையில் இல்லையென்றால் 100 பவுண்ட். அதன் பிறகு வேறு பல ஊர்களும் இதை எடுத்துக்கொண்டன. முதலில் கேட்டபோது எனக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால் கெட்டிக்கார ஏற்பாடு. நாய் போகும் அந்த அரை நிமிடத்தில் அலுவலர் அங்கே இருப்பது எங்கே நடக்கிற காரியம்? பை இருக்கிறதா என்று எந்த நேரத்திலும் கேட்கலாம் அல்லவா?

அப்புறம், பையைத் தீர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். இரண்டு பை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பையில் கட்டி எங்கே போடுவது? சிவப்புத் தொட்டி கிடைக்கவே மாட்டேன் என்கிறதே?

நாய் மலத்துக்கு மட்டுமென்று தனித் தொட்டி வைக்கும் பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது, ஏனென்றால் அதற்கெனத் தனி வண்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் கட்டிய பையைச் சாதாரணத் தெருக் குப்பைத் தொட்டியிலேயே போடலாம், தொட்டி மேல் எழுதியிருக்கும். அதுவும் இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து பொதுக் குப்பையில் போட வேண்டும். மறுசுழற்சித் தொட்டியிலோ தோட்டக் கழிவுத் தொட்டியிலோ போடாதீர்கள்.

எடுத்துப் பையில் கட்டி, அந்தப் பையை வேலியில் தொங்கவிட்டுப் போகிறவர்கள் ஒரு தனி ஜாதி. எடுத்தாயிற்று, மனசாட்சி தீர்ந்தது என்று நினைப்பு போலிருக்கிறது. திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வேன் என்பார்கள். வருவது வேறு வழியாக. விட்டுப் போன பை குப்பைதான், அதற்குக் குப்பை அபராதம் உண்டு. சும்மா விட்டிருந்தால் மழையில் கரைந்திருக்கும், இப்போது பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக மாதக்கணக்கில் இருக்கும். அடர்ந்த காட்டுப் பாதைகளில், தொட்டி இல்லாத இடத்தில், குச்சியால் நடைவழியை விட்டுப் புதருக்குள் தள்ளிவிடச் சொல்கிற ஆலோசனைகூட வனத்துறையிலிருந்து வந்ததுண்டு. அது காட்டுக்கு மட்டும். கால்நடை மேயும் வயலுக்கும் ஊர்ப் பூங்காவுக்கும் பொருந்தாது.

எங்கள் தெருவில் தினமும் கிடக்கிறது. ஆனால் நாய்க்காரர் யாரும் பிடிபட்டதாகக் கேள்விப்பட்டதே இல்லை. ஸ்டேஷன் வாசலில் சிகரெட் பிடிப்பவர்களை மட்டும் வளைத்து வளைத்துப் பிடிக்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் இதுதான் சரியான கேள்வி.

காரணம் எளிது. ஸ்டேஷன் வாசலில் எட்டு மணி முதல் பத்து மணி வரை நூறு பேர் புகைப்பார்கள், ரயிலுக்கு அவசரம், துண்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு உள்ளே ஓடுவார்கள். அங்கே இரண்டு ஆள் நின்றால் ஒரு காலையில் பத்துச் சீட்டு எழுதலாம். நாய் மலம் அப்படியா? விடியற்காலை ஆறு மணி, அல்லது இரவு பத்து மணி, ஆளில்லாத சந்து, குளிர்காலமானால் இருட்டு வேறு. அலுவலர் சீருடையில் வருவதைப் பார்த்தால் உலகத்தின் மிகச் சோம்பேறி நாய்க்காரரும் பையை எடுத்துவிடுவார். கண்ணால் பார்க்க வேண்டும், எடுக்காமல் நகர்ந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பெயர் விலாசமும் வாங்க வேண்டும். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் புகார்கள் கூடுகின்றன என்று எந்தக் கவுன்சில் ஆளைக் கேட்டாலும் சொல்வார். நாய்கள் குளிர்காலத்தில் அதிகம் போவதில்லை, இருட்டு மனிதர்களை மாற்றிவிடுகிறது.

இதோடு பணக் கணக்கும் சேர்கிறது. பல கவுன்சில்கள் அமலாக்க வேலையைத் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் விட்டிருக்கின்றன. சில ஒப்பந்தங்களில் கவுன்சிலுக்குச் செலவே இல்லை. வசூலாகும் அபராதத்திலிருந்தே நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் அந்த நிறுவனம் ஆளை எங்கே நிறுத்தும்? மீன் இருக்கும் இடத்தில்தானே வலை விழும்? வருமானத்துக்காக அபராதம் போடக் கூடாது, தற்செயலாக விழுந்ததற்கும் அற்பமானதற்கும் சீட்டு எழுதக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. காகிதத்தில் இருப்பதற்கும் ஸ்டேஷன் வாசலுக்கும் இடையே தூரம் அதிகம். அந்த ரிச்மண்ட் காப்பி, எளிதில் கண்ணில் படுபவரைப் பிடிக்கும் பழக்கத்தின் உச்சம் என்றே நான் நினைக்கிறேன்.

அதற்காகக் குப்பை அபராதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கிலாந்துக் கவுன்சில்கள் தெருக்கூட்ட மட்டும் 2015-16 நிதியாண்டில் செலவழித்தது 77 கோடியே 80 லட்சம் பவுண்ட். அதே பணம் நூலகத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போயிருக்க வேண்டியது. எழுதிய சீட்டுகளின் எண்ணிக்கையை வைத்துத் தெரு சுத்தமாகிறது என்று கவுன்சில் மார்தட்டினால் மட்டும் நம்பாதீர்கள், எங்கே எழுதினார்கள் என்று கேளுங்கள். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் ஒரு மின்னஞ்சல் போதும். குப்பைக்கு எத்தனை, நாய் மலத்துக்கு எத்தனை என்று பிரித்துக் கேட்டால் பதில் வரும். சில ஊர்களின் பதிலைப் பார்த்தால் இரண்டாவது எண்ணைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

அந்த ஆள் போலீஸ் இல்லையே. பெயர் சொல்லாமல் நடந்துபோனால் என்ன?

கவுன்சில் அதிகாரம் கொடுத்த ஆள் என்றால், குப்பைக் குற்றத்துக்கு அவர் பெயரும் விலாசமும் கேட்கலாம். சொல்ல மறுப்பதும் பொய்ப் பெயர் சொல்வதும் தனிக் குற்றம், 1,000 பவுண்ட் வரை அபராதம். அவர் உங்களைக் கைது செய்ய முடியாது, கையைப் பிடித்து நிறுத்த முடியாது. போலீசைக் கூப்பிடலாம். உடம்பில் மாட்டிய கேமரா ஓடிக்கொண்டிருக்கும், வாக்குவாதத்தில் இறங்கினால் அது உங்களுக்குத்தான் பாதகம்.

அடையாள அட்டையைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கையில் ரொக்கமாகக் கொடு என்று யாராவது கேட்டால் சந்தேகப்படுங்கள்.

அநியாயமாகச் சீட்டு எழுதிவிட்டார்கள். மேல்முறையீடு உண்டா?

பார்க்கிங் சீட்டுக்கு இருப்பதுபோல் தீர்ப்பாயம் இதற்கு இல்லை. சீட்டைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது. வழக்கைத் தவிர்க்க ஒரு வாய்ப்பு என்பதுதான் இந்தச் சீட்டின் பொருள். வாய்ப்பு வேண்டாம் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வாதாட வேண்டும். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது கவுன்சிலின் வேலை.

ஆனால் அதற்கு முன்பு கவுன்சிலுக்கு எழுதிப் பாருங்கள். பெரும்பாலான கவுன்சில்கள் முறையீட்டைப் படித்துப் பார்த்து ரத்து செய்வதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. கையிலிருந்து நழுவியது, காற்று அடித்தது, உடனே எடுக்கக் குனிந்தேன் என்பது போன்ற உண்மை இருந்தால் தேதி, நேரம், இடத்தோடு எழுதுங்கள், கேமராப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்த நிறுவனத்துக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 14 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

காரிலிருந்து யாரோ வீசினார்கள். கார் என் பெயரில் இருக்கிறது.

அப்படியானால் கடிதம் உங்களுக்குத்தான் வரும். லண்டனுக்கு வெளியே 2018 ஏப்ரல் 1 முதல், வீசியவர் யார் என்று தெரியாவிட்டாலும் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடம் அபராதம் வசூலிக்கலாம். லண்டனில் அதற்கு முன்பே இந்த அதிகாரம் இருந்தது. இது குற்ற வழக்கு அல்ல, பார்க்கிங் சீட்டு மாதிரி. 28 நாளில் கட்டாவிட்டால் இரட்டிப்பாகும், இதற்கு மட்டும் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு உண்டு. மினிகேப் ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: 2018 விதியில், உரிமம் பெற்ற வாடகைக் காரில் பயணி வீசியதற்கு வண்டிக்காரர் பொறுப்பில்லை.

யாரென்று எனக்குத் தெரியும். புகார் செய்தால் நடவடிக்கை எடுப்பார்களா?

“எங்கள் தெருவில் ஒரே அசிங்கம்” என்று எழுதினால் கூட்டுபவரை அனுப்புவார்கள், அவ்வளவுதான். ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு வேண்டியது ஒரு நேர அட்டவணை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த முனையிலிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறார், நாய் என்ன நிறம், என்ன அளவு, ஆள் என்ன உடை. இரண்டு வாரம் குறித்து அனுப்பினால் அந்த நேரத்துக்குச் சீருடை இல்லாத ஆளை நிறுத்திப் பார்க்க வாய்ப்பு உண்டு. விலாசமும் தெரிந்து, நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுத்து வாக்குமூலமாகத் தரவும் தேவைப்பட்டால் நீதிமன்றம் வரவும் தயார் என்றால், உங்கள் சாட்சியை வைத்தே சீட்டு அனுப்பும் கவுன்சில்கள் உண்டு. இங்கேதான் பெரும்பாலோர் பின்வாங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரர், தினமும் முகத்தில் முழிக்க வேண்டும். புரிகிறது.

கிடப்பதை மட்டும் தெரிவிக்க கவுன்சில் இணையதளம் போதும், அல்லது ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் வரைபடத்தில் புள்ளி வைத்தால் உரிய கவுன்சிலுக்குப் போய்ச் சேரும். ஒரே புள்ளியில் பலர் வைத்தால்தான் அந்தத் தெரு அவர்கள் கண்ணில் படும், அதனால் தெருவாட்கள் எல்லோரையும் தனித்தனியே தெரிவிக்கச் சொல்லுங்கள்.

நேரடியாகப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். நாய்க்காரரிடம் “தம்பி, பை இருக்கிறதா? என்னிடம் ஒன்று இருக்கிறது” என்று நீட்டிப் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒன்பது பேர் வெட்கப்பட்டு வாங்கிக்கொள்வார்கள். பத்தாவது ஆள் என்னை எங்கே போகச் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

நாங்கள் குப்பை போடுவதில்லை. கவுன்சில்தான் கூட்டுவதில்லை. கவுன்சிலுக்கு யார் அபராதம் போடுவது?

நீங்களே போட வைக்கலாம். இது பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதே 1990 சட்டத்தின் 89-ஆவது பிரிவு, தன் சாலைகளையும் நிலங்களையும் முடிந்தவரை குப்பையில்லாமல் வைத்திருப்பது கவுன்சிலின் கடமை என்கிறது. மோட்டார்வேக்களுக்கு இந்தக் கடமை நேஷனல் ஹைவேஸ் என்ற அரசு நிறுவனத்தைச் சேர்ந்தது. பூங்கா, நடைபாதை போன்ற இடங்களில் நாய் மலமும் இந்தக் கணக்கில் சேரும், காடும் புதர்வெளியும் மேய்ச்சல் நிலமும் சேராது. எவ்வளவு சுத்தம் என்பதற்கு அரசு ஒரு நடைமுறைக் கையேடு வைத்திருக்கிறது. ‘ஏ’ என்றால் எதுவுமே இல்லை, ‘பி’ என்றால் ஒன்றிரண்டு சின்னத் துண்டு, ‘சி’ பரவலாகக் கிடக்கிறது, ‘டி’ நாறுகிறது. கடைத்தெரு மாதிரி ஜனநடமாட்டம் மிகுந்த இடம் கெட்டுப்போனால் அரை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். சாதாரணக் குடியிருப்புத் தெருவுக்கு ஒரு நாள். ஆள் குறைவான இடத்துக்கு 14 நாள்.

செய்யவில்லையா? 91-ஆவது பிரிவின்படி எந்தக் குடிமகனும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குப்பை அகற்றும் ஆணை கேட்கலாம். ஐந்து நாள் முன்னதாகக் கவுன்சிலுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அழகே இதில்தான் இருக்கிறது: அந்த அறிவிப்புக் கடிதம் போனாலே பெரும்பாலும் துடைப்பம் வந்துவிடும். அப்படி வராமல், வழக்குப் போட்ட பிறகு அவசரமாகக் கூட்டிவிட்டு “இப்போது சுத்தமாகத்தானே இருக்கிறது” என்று நின்றாலும், நீங்கள் புகார் கொடுத்த நாளில் குப்பை இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றால் உங்கள் செலவைக் கவுன்சில் தர வேண்டும். தேதி விழும் புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு முன் தோட்டத்தில் யாருடைய நாயோ போய்விட்டது.

உங்கள் நிலத்தில் கிடப்பதைக் கவுன்சில் வந்து எடுக்காது. நீங்கள்தான் எடுக்க வேண்டும். கோபம் வரும், வரட்டும், ஒரு சின்ன வேலி போடுங்கள்.

அபராதத்தை விட்டால் வேறு வழியே இல்லையா?

நிறைய உண்டு. உண்மையில் நாய் மலத்தைப் பொறுத்தவரை வேலை செய்பவை இவைதான்.

கீப் பிரிட்டன் டைடி அமைப்பு, இருட்டில் ஒளிரும் ஒரு ஜோடி கண்களைப் பெரிதாகப் போட்டு “உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று ஒரு சுவரொட்டி தயாரித்தது. பல ஊர்களில் ஒட்டிப் பார்த்ததில் மலம் கிடப்பது சராசரியாக 46 சதவீதம் குறைந்தது. ஆளே இல்லை, வெறும் படம்! ஆளில்லை என்ற தைரியத்தில் நடப்பதை, ஆள் இருப்பது போன்ற நினைப்பால் தடுக்கிறார்கள். வயல் பொம்மைக்குப் பயப்படும் காக்கையைப் பார்த்துச் சிரிக்கிறோம். நாமும் அப்படித்தான் போலும்.

கிடப்பதைச் சுற்றி ரோஸ் நிறத்தில் வட்டம் போட்டுவிடுவது இன்னொரு வழி. மிதிக்காமல் தப்பிக்கலாம், எத்தனை வட்டம் என்று ஊரே எண்ணலாம், நாய்க்காரருக்கும் உறைக்கும். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில் தொடங்கிய ‘பசுமை நாய் நடையர்’ திட்டத்தில், நாய் வளர்ப்பவர்களே ஒரு பச்சை அடையாளத்தை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். என்னிடம் கூடுதல் பை இருக்கிறது, கேளுங்கள் என்று அதற்கு அர்த்தம். அதட்டல் கிடையாது. நல்ல நாய்க்காரர்கள்தான் கெட்ட நாய்க்காரர்கள்மேல் மிகவும் கோபமாக இருப்பவர்கள். ஊர் வசவு அவர்களுக்கும் சேர்த்துத்தானே விழுகிறது.

மரபணு வழியும் பேசப்பட்டது. கிழக்கு லண்டனின் பார்க்கிங் அண்ட் டேகனம் கவுன்சில், நாய்களின் எச்சிலைப் பதிவு செய்து தெருவில் கிடப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று 2015-இல் அறிவித்தது. அந்த ஊர்ப் பெயரான பார்க்கிங் (Barking) என்றால் ஆங்கிலத்தில் குரைத்தல் என்றும் பொருள். செய்தித்தாள்கள் அந்த வாரம் முழுக்கக் கொண்டாடின. ஆனால் நாயைப் பதிவு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் வழி இல்லை. தானாக வந்து எச்சில் கொடுப்பவர் யார்? ஏற்கெனவே பையோடு நடப்பவர்தான். முன்பாவது நாய்க்கு லைசென்ஸ் இருந்தது, 37 பென்ஸ். வசூல் செலவுக்கே போதாமல் 1987-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது மாட்ரிட் பக்கத்தில் உள்ள புருனெத்தே ஊர்க்காரர்கள் 2013-இல் செய்தது. தன்னார்வலர்கள் எடுக்காமல் போகும் நாய்க்காரரிடம் போய் நாயைக் கொஞ்சுவதுபோல் பேச்சுக் கொடுத்து அதன் பெயரைக் கேட்டுக்கொள்வார்கள். பெயரும் இனமும் தெரிந்தால் ஊராட்சிப் பதிவேட்டில் விலாசம் கிடைத்துவிடும். கொஞ்ச நேரத்தில் வீட்டு வாசலில் ஒரு பெட்டி வந்து நிற்கும், மேலே ‘தொலைந்த பொருள்’ என்று எழுதியிருக்கும். இங்கே எந்தக் கவுன்சிலும் இதைச் செய்யத் துணியாது. பதிவேடும் இல்லை.

மழை பெய்தால் கரைந்துவிடுகிறது. இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

கரைவது கண்ணுக்குத்தான். நாயின் குடலில் டாக்ஸோகாரா என்ற உருளைப்புழு இருந்தால் அதன் முட்டைகள் மலத்தோடு வரும். புதிதாகக் கிடக்கும்போது அவை தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், அதற்குள் மலம் கரைந்து அடையாளமே இருக்காது. முட்டை மட்டும் மண்ணில் நெடுநாள் உயிரோடு இருக்கும். அங்கே விளையாடிய குழந்தை விரலை வாயில் வைத்தால் உள்ளே போகும். நோய் அரிதுதான், ஆனால் கண்ணுக்குப் போனால் பார்வையே போகலாம். அன்றைக்கே எடுத்துவிட்டால் இந்த வழி அடைபடும். நாய்க்குப் பூச்சி மருந்தும் தவறாமல் கொடுங்கள். வயல் வழியே நடந்தால் அங்கேயும் எடுங்கள். நியோஸ்போரா என்ற கிருமி நாய் மலம் வழியாகப் பசுக்களுக்குப் போய்க் கருச்சிதைவை உண்டாக்கும்.

வாசலில் வைத்த பழைய மெத்தைக்கு அபராதமா? “வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம்” என்று எழுதித்தான் வைத்தேன்.

நல்ல மனசு, ஆனால் நடைபாதையில் வைத்தால் அது குப்பை கொட்டியதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அபராதச் சீட்டே 1,000 பவுண்ட் வரை போகலாம். வேனில் வந்து நாற்பது பவுண்டுக்கு எடுத்துப்போகிறேன் என்பவரிடம் கொடுத்து, அவர் ஏதோ ஒரு சந்தில் வீசி, அதில் உங்கள் விலாசம் உள்ள கடிதம் கிடைத்தால் உங்களுக்கு 600 வரை. கழிவு எடுத்துச் செல்லும் உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று இணையத்தில் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. கவுன்சிலே சிறு கட்டணத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளும்.

ஆள் துணையில்லாமல் ஒரு நாய் திரிகிறது. யாரைக் கூப்பிடுவது?

கவுன்சிலின் நாய்க் காவலரை. 2008-இலிருந்து இது போலீஸ் வேலை இல்லை. நம் ஊர் மாதிரித் தெருநாய் என்ற ஒன்று இங்கே கிடையாது, திரிகிற நாய் யாரோ தொலைத்த நாய். பிடித்து ஏழு நாள் வைத்திருப்பார்கள், சொந்தக்காரர் வந்தால் 25 பவுண்டும் தங்கல் செலவும் கட்டி மீட்கலாம்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ்?

ஸ்காட்லாந்தில் நாய் மலத்துக்கு 2003-ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் இன்னும் இருக்கிறது, சீட்டு 80 பவுண்ட். வேல்ஸில் குப்பைச் சீட்டு 75 முதல் 150 வரை.

நாய்க்குட்டி வாங்கப் போகிறோம். கவுன்சில் வம்பு வராமல் இருக்க என்ன வேண்டும்?

மைக்ரோசிப், இது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். வெளியே போகும்போது கழுத்துப் பட்டையில் உங்கள் பெயரும் விலாசமும், இது 1992-இலிருந்தே கட்டாயம் என்றாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. உங்கள் கவுன்சிலின் பிஎஸ்பிஓ வரைபடத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். குழந்தைகள் விளையாடும் வேலிக்குள் நாய் போகக் கூடாது, சில இடங்களில் கயிறு கட்டாயம், ஒருவர் நாலு நாய்க்கு மேல் கூட்டிப் போகக் கூடாது என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு விதிகள் இருக்கும். அப்புறம் பை. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சுருள் போட்டு வையுங்கள், மழைக் கோட்டிலும். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் போட்ட சூட்டின் பையிலிருந்துகூட ஒன்று வந்தது.